மூன்று சுற்று முடிச்சு

ஜூன் 12, புதன்

நாய் டாக்டர் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். எப்போது சுற்றுகிறது, எந்தப் பக்கம், எத்தனை தரம், என்ன தின்றது, வலிப்பு வந்ததா என்றெல்லாம். மருந்துக் கம்பெனிக்காரர் யாரோ கொடுத்த பழைய டைரி அலமாரியில் சும்மா கிடந்தது. அச்சடித்த தேதிகளை அடித்துவிட்டு எழுதுகிறேன். அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் மருந்தாளுநராக இருந்த தனபாக்கியம், அறுபத்திரண்டு வயதில் ஒரு நாய்க்கு நோயாளிக் குறிப்பு எழுதுகிறாள். இதற்குத்தான் அரசாங்கம் எனக்குப் பென்ஷன் தருகிறது போலிருக்கிறது.

பெயர் பட்டாணி. பெண். பத்து மாதம். இரண்டு கிலோ நூறு கிராம். உள்ளங்கையில் அடங்குகிற சிவாவா ஜாதி, நீள முடி. வாங்கியது நானல்ல, என் மகள் மேகலா. அவள் கனடாவில், கால்கரி என்ற ஊரில் இருக்கிறாள். போன அக்டோபரில் அவள் அப்பா இறந்தபோது ஐந்தாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். தகனத்தைப் போனில் பார்த்தாள். ஒரு மாதம் இருந்துவிட்டு, கிளம்புகிற வாரத்தில் இதை வாங்கி என் மடியில் வைத்தாள். உனக்குத் துணையா இருக்கும்மா என்றாள். லீவில் போகிறவர்கள் பதிலுக்கு ஆள் போட்டுவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி.

இன்றைய குறிப்பு. காலை 6.40: இடது பக்கமாக ஒன்பது சுற்று. 7.10: பீரோவில் நெற்றியை முட்டிக்கொண்டு நான்கு நிமிடம் அப்படியே நின்றது. கூப்பிட்டால் திரும்பவில்லை. 7.30: மேகலா போன். 11.00: ஹாலில் சிறுநீர்.

ஹாலில் சிறுநீர் கழிப்பதற்காக இத்தனை மாதமும் பேப்பரைச் சுருட்டி அடித்திருக்கிறேன். கோழிக்கு இருக்கிற புத்திகூட இல்லையே என்று திட்டியிருக்கிறேன். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

டாக்டர் ஜெசிந்தா சின்னப் பெண், மேகலா வயதுதான் இருக்கும். பட்டாணியின் உச்சந்தலையில் விரல் வைத்துத் தடவி, என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி இருக்குமே, அது இதற்கு இன்னும் மூடவில்லை. விற்றவன் இதைத்தான் ஆப்பிள் தலை, உயர்ந்த ஜாதிக்கு அடையாளம் என்று மேகலாவிடம் அளந்திருக்கிறான். நாங்களும் உருண்டைத் தலை, உருண்டைத் தலை என்று கொஞ்சினோம்.

அந்தக் குழியில் ஜெல்லி தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். எலும்பு மூடியிருந்தால் இந்த ஸ்கேனில் ஒன்றும் தெரியாதாம். குறை இருப்பதால்தான் குறையைப் பார்க்க வழி கிடைத்திருக்கிறது. திரையில் நடுவில் இரண்டு பெரிய கறுப்புப் பள்ளம். கறுப்பெல்லாம் தண்ணீர் என்றார். மூளைக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்க வேண்டும். இதற்கு ஊறுகிறது, வடியவில்லை. தேங்கிய நீர் மூளையை உள்ளிருந்து நெருக்குகிறது. பிறவியிலேயே வந்தது.

மேகலாவிடம் சொன்னேன். அழுதாள். அப்பா போனபோது அழுததைவிடக் கூட என்று எழுத வந்தேன். இது டாக்டர் படிக்கப் போகிற டைரி.

ஜூன் 15, சனி

போன் மூன்று தரம். காலை 7.30, மதியம் 1.00, மாலை 6.00. மதியம் ஒன்றென்றால் அவளுக்கு நடுராத்திரி தாண்டியிருக்கும். தூங்கவில்லையாம்.

ஜூன் 23, ஞாயிறு

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. நாய்க்கென்று தனி மெஷின் இங்கே கிடையாது. மனிதர்களுக்கு எடுக்கிற சென்டரில், ஞாயிறு மதியம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, டாக்டர் சிபாரிசில் ஒப்புக்கொண்டார்கள். துண்டில் சுற்றிப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோனோம். நாய் படுத்த மெஷினில் நாங்கள் படுப்பதா என்று யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்ற பயம். மயக்க ஊசி போட்டு, தொண்டையில் குழாய் வைத்து, அந்தப் பெரிய வளையத்துக்குள் இந்தச் சின்ன உடம்பை வைத்தபோது எனக்கு என்னவோ செய்தது. தண்ணீர் குடித்தேன்.

அன்றைய ஸ்கேனில் கறுப்பாகத் தெரிந்த நீர் இன்று வெள்ளையாகத் தெரிந்தது. மெஷினுக்கு மெஷின் நிறம் மாறுமாம், அளவு மாறாது. மண்டை முழுக்க வெள்ளை. மூளை சுற்றிலும் ஒதுங்கி, தோசைக்கல் ஓரத்தில் ஒட்டிய மாவு போல மெலிசாக இருந்தது. இவ்வளவு கொஞ்ச மூளையை வைத்துக்கொண்டு என்னைத் தெரிந்து வைத்திருக்கிறது, குக்கர் சத்தத்துக்கு ஓடி வருகிறது, மேகலாவின் குரல் கேட்டால் வாலை ஆட்டுகிறது.

முதலில் மாத்திரை. பிரெட்னிசலோன் காலை மாலை. கூடவே ஒமிபிரசோல். வயிற்றுப் புண்ணுக்கு நான் அள்ளி அள்ளிக் கொடுத்த மாத்திரை, இது தலைநீர் ஊறுவதைக் குறைக்கக்கூடும் என்கிறார்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, பசி எடுக்கும், எடை போடும் என்று டாக்டர் விளக்க ஆரம்பித்தார். எனக்குத் தெரியும் என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன்.

ஜூன் 30, ஞாயிறு

சுற்று மூன்றுதான். முட்டவில்லை. சாப்பிட்டது.

மேகலாவுக்குக் கொள்ளுப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் அரைத்துப் பார்சல் கட்டினேன். போன தடவை பார்சலைப் பிரிக்க அரை மணி நேரம் ஆனதாம். "கத்திரி எடுத்தாத்தான் உன் பாசம் வெளிய வரும்மா" என்று கிண்டல் செய்தாள். என் முடிச்சு அப்படி. அந்தக் காலத்தில் கிராமத்து சுகாதார நிலையங்களுக்கு மருந்து மூட்டை அனுப்பும்போது கட்டிப் பழகியது. சணலை மூன்று சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு இழுத்தால் அவிழாது, அறுக்கத்தான் வேண்டும். வழியில் எவனும் கை வைத்தால் தெரிந்துவிடும். மேகலாவின் பள்ளிக்கூட டிபன் பைக்கும் அதே முடிச்சுதான். பசியோடு உட்கார்ந்து பல்லால் கடித்து இழுத்தேன் என்று இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

ஜூலை 18, வியாழன்

பட்டாணி தேறிவிட்டது. போன் 7.30க்கு மட்டும்.

"பட்டாணியக் காட்டும்மா."

காட்டினேன். எட்டு நிமிடம் அதனோடு பேசினாள். எனக்கு இரண்டு நிமிடம். கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். அது பிப்ரவரியில் தீர்ந்தது. கண்புரை ஆபரேஷனுக்குத் தனியாக ஆட்டோவில் போய், ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு தனியாக வந்தேன். லீவு கிடைக்கவில்லை அவளுக்கு. கிடைக்காததற்கு அவள் என்ன செய்வாள். சிறுவாணித் தண்ணீர் இன்று வந்தது, தொட்டி நிரம்பிவிட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை 9.15: வலிப்பு. இரண்டு நிமிடம் பத்து நொடி. வாயில் நுரை. கால்கள் சைக்கிள் ஓட்டுவது போல. 9.40: இன்னொன்று. நான் கீழே உட்கார்ந்து தலைக்கு அடியில் என் முந்தானையை மடித்து வைத்தேன். இந்த நாய் சாகக் கூடாது. இதை டாக்டர் படித்தாலும் பரவாயில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

மாத்திரை போதாதாம். குழாய் வைக்க வேண்டும். மூளையிலிருந்து காதுக்குப் பின்னால் வந்து, கழுத்துத் தோலுக்கு அடியில் இறங்கி, வயிற்றுக்குள் போய் நீரை வடிக்கிற குழாய். பச்சைக் குழந்தைகளுக்கு வைக்கிற அதே சாமான்தான். ஆஸ்பத்திரி ஸ்டோரில் என் கையால் எத்தனை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மனித டாக்டர் ஒருவர் வந்து வைத்துக் கொடுப்பார்.

மேகலாவிடம் சொன்னதும், "நான் வர்றேம்மா" என்றாள். லீவு கிடைக்குமா என்றேன். வாங்கிக்குவேன் என்றாள்.

கிடைத்துவிட்டது, ஒரே நாளில்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மேகலா வந்தாள். வாசலில் நான் ஆரத்தித் தட்டோடு நிற்க, அவள் என் காலடியில் குனிந்தாள். காலைத் தொடுகிறாள் என்று நினைத்தேன். பட்டாணியைத் தூக்க.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆபரேஷன் இரண்டே கால் மணி நேரம். பிழைத்தது. பாதித் தலையை மழித்துத் தையல் போட்டிருக்கிறார்கள். மேகலா வெளியே பெஞ்சில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பத்து வருடம் இருக்கும் அப்படிச் சாய்ந்து. தோள் மரத்துப்போனது, அசையவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு குமிழ் இருக்கிறது, அழுத்தினால் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். தினம் நோட்டம் விடுங்கள். கழுத்தில் எதுவும் போடக் கூடாது. பட்டை கூடாது, சங்கிலி கூடாது, ரத்தம் எடுத்தால்கூடக் காலில்தான். கழுத்தில் குழாய் தோலுக்கு நேர் அடியில் ஓடுகிறது, நசுங்கினால் எல்லாம் முதலிலிருந்து. வெளியே கூட்டிப்போக மார்பில் மாட்டுகிற பெல்ட்.

மேகலா இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். "கழுத்தில் எதுவும் கூடாது". எதுவும் என்பதன் கீழே இரண்டு கோடு. எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டாள் போல.

செப்டம்பர் 2, திங்கள்

சுற்று இல்லை. முட்டல் இல்லை. வாசல் கதவருகே போய் நின்று குரைத்தது, வெளியே போய்ச் சிறுநீர் கழித்தது. வாழ்க்கையில் முதல் தடவை. மேகலா தெருவிலேயே குதித்தாள்.

வீட்டு வேலைக்கு வருகிற ருக்குமணி ஒரு கறுப்புக் கயிறு கொண்டுவந்தாள். மாரியம்மன் கோயிலில் வைத்துக் கும்பிட்டதாம். "பாப்பாவுக்குக் கண்ணுபட்டிருக்குதுங்மா, கட்டி உடுங்க" என்றாள். ருக்குமணியின் பேரனுக்குக் கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, காலில் ஒன்று. மருந்துக் கவுண்டரில் இந்தக் கூட்டத்தோடுதான் என் காலம் போனது. கயிற்றைக் கட்டிக்கொண்டு மாத்திரையைக் குப்பையில் போடுவார்கள். டாக்டர் சீட்டில் இது எழுதவில்லையே ருக்குமணி என்றேன். மேகலா சிரித்தாள். ருக்குமணியும் சிரித்தாள். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்ததை மேகலா அவளுக்குப் படித்துக் காட்டினாள். சரிங் கண்ணு என்று கயிற்றை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை டிராயரில் போட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மேகலா கிளம்பினாள். மதிய விமானம். நாளையிலிருந்து பால் அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 11, புதன்

ருக்குமணி பட்டாணியைக் குளிப்பாட்டட்டுமா என்றாள். இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆபரேஷன் செய்த உடம்பு.

செப்டம்பர் 20, வெள்ளி

நேற்று போன் இல்லை. இன்று 7.30க்கு வந்தது, நான்கு நிமிடம்.

"நல்லாத்தானே இருக்கா? அப்பறமென்னம்மா. எனக்கு இங்க வேலை மண்டை காயுது."

நல்லாத்தான் இருக்கிறாள். மாத்திரையால் அகோரப் பசி. இட்லிக்கு நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் தட்டை நக்குகிறாள். எடை இரண்டு கிலோ அறுநூறு. கழுத்து, வயிறு எல்லாம் உருண்டுவிட்டது.

செப்டம்பர் 29, ஞாயிறு

இந்த வாரம் போன் இரண்டு தரம்.

பட்டாணி இரண்டே முக்கால் கிலோ.

அக்டோபர் 5, சனி

காலை 7.00: இடது பக்கம் நான்கு சுற்று. 7.20: பீரோவில் முட்டி நின்றது.

மேகலாவுக்கு நானே போன் செய்தேன். உடனே எடுத்தாள். மதியம் அவளே கூப்பிட்டாள், மாலை மறுபடியும். டாக்டரிடம் போனியாம்மா என்றாள். நாளை ஞாயிறு, திங்கட்கிழமை போகிறேன் என்றேன். டாக்டர் ஞாயிறும் காலையில் இருப்பார்.

அக்டோபர் 6, ஞாயிறு

சுற்று பதினொன்று. போன் நான்கு தரம். என் முட்டி வலியைக் கேட்டாள். ராத்திரி என்ன சாப்பிட்டே என்று கேட்டாள். அப்பா இருந்தபோது ஞாயிற்றுக்கிழமையானால் மூவரும் காரமடைத் தேர் பார்க்கப் போனதைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். அது வருடத்துக்கு ஒரு தரம்தான் வரும், ஞாயிறு தோறும் அல்ல. அவள் அப்படி நினைவு வைத்திருக்கிறாள், நான் திருத்தவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

ஆட்டோ கிடைக்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

காலையில் பட்டாணி தட்டு இருக்கிற இடம் தெரியாமல் தரையை நக்கிக்கொண்டிருந்தது. கண் முன்னால் கை ஆட்டினேன், இமைக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் காதுக்குப் பின்னால் குமிழை அழுத்தினார். கல் மாதிரி இருந்தது, அமுங்கவில்லை. குழாய் போகிற வழியே விரலால் தடவிக்கொண்டு வந்தவர் கழுத்தில் நின்றார். முடியை விலக்கினார். கறுப்புக் கயிறு, பெருத்த கழுத்தில் தோலோடு பதிந்து கிடந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. கத்திரியால் நறுக்கினார்.

"யாருங்கம்மா இதக் கட்டினது?"

"வேலைக்காரி கோயில்ல இருந்து கொண்டு வந்தா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. கொண்டு வந்தது அவள்தான்.

கயிற்றை அறுத்த பிறகும் நீர் இறங்கவில்லை. கழுத்தில் குழாய் மடிந்து விரிசல் விட்டிருந்தது. மறுபடி ஆபரேஷன். அந்தத் துண்டை மட்டும் மாற்றினார்கள். உயிருக்குப் பயமில்லை. மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் பார்வை தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆட்டோ கிடைக்கவில்லை என்றேன்.

மேகலா போனில் கத்தினாள். "அவ்வளவு படிச்சுப் படிச்சு சொன்னனேம்மா அவங்ககிட்ட. இனி அந்தம்மா வீட்டுக்குள்ள வரவே கூடாது" என்றாள். சரி கண்ணு என்றேன்.

அக்டோபர் 9, புதன்

ருக்குமணி வந்தாள். வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன்.

"நான் கட்டலீங்மா."

"கொண்டு வந்தது நீதானே?"

"கொண்டு வந்தனுங். கட்டலீங்." என் முகத்தையே பார்த்தாள். நான் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தேன். "பாப்பாவுக்குக் கண்ணு போயிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பதினாலு வருடமாக வருகிறாள். மேகலாவின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் எனக்குச் சோறு கொண்டுவந்தவள்.

பாத்திரம் நானே கழுவினேன். முட்டி வலி.

அக்டோபர் 11, வெள்ளி

பட்டாணி வீட்டுக்கு வந்துவிட்டது. சுவரோரமாகவே நடக்கிறது. பீரோவில் முட்டினால் இப்போது அது நோயல்ல, தெரியாமல் முட்டுவது.

டாக்டர் சீட்டுகளோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரும் கொடுத்திருந்தார். மேகலாவிடம் வீடியோவில் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கவரும் கையோடு வந்துவிட்டது.

"அதென்னம்மா? அந்தக் கயிறா? கிட்டக் காட்டு."

காட்டினேன். மறைத்திருக்கலாம். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. டாக்டர் கயிற்றின் மறுபக்கத்தைத்தான் நறுக்கியிருந்தார், முடிச்சு அப்படியே இருந்தது.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். எத்தனை வருடம் டிபன் பையில் பார்த்த முடிச்சு.

"அம்மா" என்றாள். பிறகு மெதுவாக, "ருக்கு அக்காவ எப்படிம்மா சொன்னே?" என்றாள்.

நாயைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 12, சனி

போன் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

போன் இல்லை. நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

காலை 7.00 மணிக்கு ருக்குமணி வந்து நின்றாள். கையில் பெரிய புது போன், மேகலா வாங்கி அனுப்பியது. "மேகலா கண்ணு கூப்புட்டுச்சுங். மன்னிச்சுக்கங்கக்கான்னு அழுதுச்சுங். பாப்பாவ நீங்கதான் பாத்துக்கோணும், காலைல வந்து சாயங்காலம் போங்கன்னு சொல்லுச்சுங்" என்றாள். உள்ளே வரட்டுமா என்று என்னிடம் கேட்கவில்லை. நேராகப் பட்டாணியிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அது அவள் புடவையை மோந்துவிட்டு மடியில் ஏறிக்கொண்டது. ஏழரைக்கு அந்தப் புது போன் அடித்தது.

அக்டோபர் 19, சனி

தையல் பிரிக்கப் போனோம். டைரி கொண்டு வந்தீங்களாம்மா என்று டாக்டர் கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். பைக்குள்தான் இருந்தது.

இனி இதை அவர் படிக்கப் போவதில்லை. அதனால் செப்டம்பர் 8ஆம் தேதி எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

அன்று காலை மேகலா பெட்டியை மூடிவிட்டு, பட்டாணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இவ இருக்கறதாலதாம்மா எனக்கு இந்த வீடுன்னு ஒண்ணு இருக்கு" என்றாள். சும்மா சொன்னாள், நாயைக் கொஞ்சுகிறவர்கள் சொல்வது. நான் அடுப்படியில் அவளுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் குளிக்கப் போனபோது டிராயரைத் திறந்தேன். இந்த நாய் போனால் ஏழரை மணி போன் போய்விடும். அது மட்டும்தான் அப்போது என் மண்டையில் இருந்தது. எந்தச் சாமியை நான் முப்பது வருடம் கேலி செய்தேனோ அந்தச் சாமியிடமே கேட்டேன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதம் நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. கயிறுதானே, பட்டை இல்லையே என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு விரல் நுழைகிற மாதிரி தளர்த்தியாகத்தான் கட்டினேன், கழுத்து முடிக்குள் மறைந்துவிட்டது. ஸ்டீராய்டு கொடுத்தால் எடை போடும் என்பது எனக்குத் தெரியாதா. எனக்குத் தெரியும் என்று டாக்டரிடம் வெடுக்கென்று சொன்னவள் நான். பிறகு நெய் விட்டுப் பிசைந்து பிசைந்து ஊட்டியதும் நான்.

அவிழ்த்திருக்கலாம். ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டும்போது விரல் பட்டது. முதலில் இரண்டு விரல் நுழைந்தது, பிறகு ஒன்று, பிறகு நகம் மட்டும். நாய் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, போன் குறைந்துகொண்டே வந்தது. கத்திரி அடுப்படியில்தான் தொங்கும்.

அக்டோபர் 5ஆம் தேதி அது சுற்றியபோது பயந்தேன். அதோடு இன்னொன்றும் இருந்தது. இனி போன் வரும் என்று. அந்த மூன்று நாளும் ஆட்டோ தெருமுனையிலேயே நின்றது. ஒரு பெற்ற தாய்க்கு மகள் குரல் கேட்க ஒரு நாயின் கண் தேவைப்பட்டது என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அவர்கள் முகத்திலேயே துப்பியிருப்பேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

ருக்குமணி ஞாயிறும் வருகிறாள்.

பாத்திரத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டே சொன்னேன். "கட்டினது நான்தான் ருக்குமணி."

"தெரியுமுங்மா. நீங்க வாசல்ல நிறுத்துன அன்னைக்கே தெரியுமுங், அப்பறம் அந்தக் கவர்ல முடிச்சயும் பாத்தனுங். குப்பைக் கவர்கூட நீங்க அப்புடித்தான கட்டுவீங்க. பதினாலு வருசமா நாந்தான அறுக்கறேன்."

பிறகு ஏன் அன்றே மேகலாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தனுங்" என்றாள். குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டு பட்டாணிக்கு மாத்திரை கொடுக்கப் போய்விட்டாள். அளவு சரியாகக் கொடுக்கிறாள்.

நவம்பர் 4, திங்கள்

ஏழரைக்கு ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். அடுப்படியில் ருக்குமணியின் போன் அடிக்கும். இரண்டு சுவர் தள்ளி மேகலாவின் குரல் கேட்கும். எனக்கு அது போதும் என்று பழகிக்கொண்டிருந்தேன்.

இன்று ஏழரைக்கு அடிக்கவில்லை. ஏழே முக்கால், எட்டு. அதுவும் போயிற்று என்று நினைத்தேன். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. எட்டரைக்கு அடித்தது. "அங்க குளிர் வந்துருச்சுன்னு மணிய ஒரு மணி நேரம் மாத்திட்டாங்களாமுங், நேத்தே கண்ணு சொல்லுச்சுங்" என்றாள் ருக்குமணி. என் மகளுக்குக் கடிகாரம் மாறியது எனக்கு வேலைக்காரி சொல்லித்தான் தெரிகிறது.

பட்டாணி ஹாலில் என் காலருகே படுத்திருந்தது. ருக்குமணி போனை நீட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"பட்டாணி, எங்க பாரு, அக்கா பேசறேன்."

பார்வை இல்லாத தலை குரல் வந்த பக்கம் திரும்பியது, வால் ஆடியது. குழாய் வேலை செய்கிறது. சுற்று இல்லை, வலிப்பு இல்லை.

"அம்மாகிட்டக் குடுக்கட்டுங்களா கண்ணு?" என்று ருக்குமணி கேட்டாள். அவள் தினமும் ஒரு தரம் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

மேகலா சொன்னாள்.

"அக்கா, ஓரத்துல ஏதோ கால் தெரியுது. பட்டாணிய மட்டும் காட்டுங்க."

நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.